சர்வருக்கு ஏற்றது ஜேஐடியே!

நடுவர் அவர்களே! ‘வாரக்கணக்கில் ஓடும் சர்வர் மென்பொருளுக்கு ஏற்றது முன்கூட்டியே கம்பைல் செய்யும் ஏஓடியா, ஓட ஓடக் கம்பைல் செய்யும் ஜேஐடியா?’ என்பது தலைப்பு. கம்பைல் என்றால், எழுதிய நிரலை பிராசஸருக்குப் புரியும் மெஷின் கோடாக மாற்றுவது. எதிரணித் தலைவர் பேச்சு முழுக்க ஸ்டார்ட்அப் நேரத்தைவிட்டு நகரவே இல்லை. ஒரு நொடியில் முடியும் கமாண்ட் லைன் கருவிக்கு ஏஓடிதான் சரி, எழுதியே தருகிறேன். ஆனால் தலைப்பில் சர்வர் என்றல்லவா இருக்கிறது?

ஜாவா நிரலை ஓட்டும் இன்ஜினான ஹாட்ஸ்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இன்டர்பிரெட்டர், கம்பைல் செய்யாமலே, கட்டளை கட்டளையாகப் படித்து ஓட்டும். ஒரு மெத்தட் 200 முறை வாக்கில் அழைக்கப்பட்டதும் சி1 கம்பைலர் அவசரத்துக்கு மெஷின் கோடு தயாரிக்கும். எந்த டைப் (எந்த கிளாஸின் ஆப்ஜெக்ட்) வருகிறது என்ற கணக்கையும் அந்தக் கோடே எழுதிக்கொண்டிருக்கும். அழைப்பு 5,000ஐ நெருங்கும்போது அந்தக் கணக்கோடு, இன்னும் நுணுக்கமான சி2 கம்பைலர் களமிறங்கும். ஒரு இன்டர்ஃபேஸுக்கு (பொதுவான மெத்தட் பட்டியலுக்கு) பத்து கிளாஸ் இருக்கலாம். அந்த வரிக்கு வந்தது ஒரே ஒரு கிளாஸ்தான் என்றால், டைப்பைப் பார்க்கும் சின்னச் சோதனை ஒன்றைப் போட்டுவிட்டு மெத்தடை அழைக்காமல் அதன் கோடையே அங்கே பதித்து இன்லைன் செய்துவிடும். இன்லைன் ஆனால்தான் மற்ற வித்தைகள் பலிக்கும். வீண் ஆப்ஜெக்ட் ஒதுக்கீடுகூடக் காணாமல் போகும். நாளை இன்னொரு கிளாஸ் வந்தால்? டீஆப்டிமைஸ் செய்து, அதாவது அந்தக் கோடைக் கைவிட்டு, இன்டர்பிரெட்டருக்குத் திரும்பி, புதுக் கணக்கோடு மறுபடி கம்பைல் செய்யும். திரும்பி வர வழி இருப்பதால்தான் இவ்வளவு துணிந்து ஊகிக்கிறது.

‘எங்களிடம் பிஜிஓ (ஓட்டிப் பார்த்த கணக்கான ப்ரொஃபைலை வைத்து கம்பைல் செய்யும் முறை) இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. அளவுக்கருவி பொதிந்த பைனரி ஒன்றை பில்ட் செய்து, சோதனை லோடு கொடுத்து, ப்ரொஃபைல் சேகரித்து, மறுபடி பில்ட் செய்ய வேண்டும். நிஜ டிராஃபிக் மாறினால் பழைய ப்ரொஃபைலோடுதான் காலம் தள்ள வேண்டும். பிராசஸர் சங்கதியும் அப்படித்தான்: சில பிராசஸர்களில் மட்டும் இருக்கும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைத் தொகுப்பை நம்பி பில்ட் செய்த பைனரி, அது இல்லாத மெஷினில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று விழும்; பயந்து பொதுவாக பில்ட் செய்தால் புது மெஷினின் வேகம் வீண். ஜேஐடி எந்த மெஷினில் ஓடுகிறதோ அதைப் பார்த்தே கோடு தரும்.

சூடுபிடிக்கும்வரை மெதுவாக ஓடும் வார்ம்அப் தொல்லை உண்டு, மறுக்கவில்லை. சர்வர் ஓடும் கன்டெய்னருக்கு ஒரே ஒரு சிபியு கொடுத்தால் கம்பைலர் த்ரெட்டும் ரிக்வெஸ்ட்டும் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். சர்வர் தயாரா என்று பார்க்கும் ரெடினஸ் சோதனை பச்சை காட்டும் முன் முக்கியப் பாதைகளைச் சில ஆயிரம் முறை ஓட்டிவிடுங்கள். போலி டேட்டாவால் ஓட்டாதீர்கள். டைப் கணக்கு கெட்டு, நிஜ டிராஃபிக் வந்ததும் டீஆப்டிமைஸ் மழைதான். கம்பைலான கோடு தங்கும் இடமான கோடு கேஷையும் கண்காணியுங்கள். வழக்கமான அளவு 240 எம்பி. நிரம்பிவிட்டால் கம்பைல் செய்வது தடைப்படும், சர்வர் மந்தமாகும்.

கடைசியாக, ஆண்ட்ராய்டைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 2014இல் வந்த 5.0, நிறுவும்போதே ஆப் முழுவதையும் கம்பைல் செய்தது உண்மை. நிறுவ நேரமும் கூடியது, இடமும் கூடியது. 2016இல், 7.0 பதிப்பில், ஜேஐடி திரும்பி வந்தது. ஃபோன் சும்மா சார்ஜில் கிடக்கும்போது இன்றும் ஏஓடி நடக்கிறது, ஆனால் எந்த மெத்தடை கம்பைல் செய்வது என்று அதற்குச் சொல்வது ஜேஐடி சேகரித்த ப்ரொஃபைல்தானே, நடுவர் அவர்களே!