படிவம் ஒன்று, பட்டியல் முந்நூறு

(லண்டனில் தமிழர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மேடை ஏறுமுன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியிடம், "ஓட்டுக்குப் பேர் பதிஞ்சாச்சா?" என்று கேட்டேன். படிக்க வந்து ஆறு மாதம் ஆகிறதாம். "இந்த ஊர்ல எனக்கேதுண்ணா ஓட்டு?" என்றார். இருக்கிறது. இந்தியர், இலங்கையர் எல்லாரும் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவோடு பிரிட்டனில் குடியிருக்கும் 18 வயது நிரம்பிய காமன்வெல்த் குடிமகன் இங்கே நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். உடனே போனை எடுத்துப் படிவத்தை நிரப்பிவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் அந்தப் படிவம் எங்கே போகிறது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு படிவம் வரும், குடும்பத்தில் யாராவது ஒருவர் எல்லார் பெயரையும் எழுதி அனுப்புவார். 2014 ஜூனில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை மாற்றி, அவரவர் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்றார்கள். அதற்கென மத்திய அரசு ஓர் இணையப் பக்கம் கட்டியது. பெயர், முகவரி, பிறந்த தேதி, நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை, ஓய்வூதியக் கணக்குக்காக அரசு ஆளுக்கொன்றாகத் தரும் எண்) கொடுத்தால் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, உங்கள் கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், இருக்கும் தேர்தல் பதிவு அலுவலருக்கு அனுப்பிவிடும். பொருந்தவில்லையா? கவுன்சில் தன்னிடம் உள்ள கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) கணக்கைப் புரட்டும். அதிலும் இல்லையென்றால் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும். பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது கடைசிவரை அந்த உள்ளூர் அலுவலர்தான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிரிட்டன் முழுமைக்கும் ஒரே வாக்காளர் பட்டியல் என்று ஒன்று கிடையாது. முந்நூற்றுச் சொச்சம் பதிவு அலுவலர்கள் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். அதனால் 'நீங்கள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு மத்திய அரசின் பக்கத்தால் பதில் சொல்ல முடியாது. தெரியாதவன் என்ன செய்வான்? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை பதிவான்.

நானும் பதிந்தேன். 2017 தேர்தல் அறிவித்தபோது, பதிந்தோமா இல்லையா என்று நினைவில்லாமல் இரண்டு முறை. பத்து நாள் பதிலே இல்லை. கவுன்சிலைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். எதிர்முனையில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் பெயர் போன வருடமே ஏறிவிட்டது. இப்போது நீங்கள் அனுப்பிய இரண்டும் என் மேசையில்தான் இருக்கின்றன, உங்களை மாதிரி ஆயிரம் பேருடையதோடு" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

அந்த அம்மா மிகைப்படுத்தவில்லை. பதிவுக்குக் கடைசி நாளான மே 22 அன்று மட்டும் இணையத்தில் 6 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. அந்தத் தேர்தலில் வந்த விண்ணப்பங்களில் சில ஊர்களில் 30 சதவீதம், வேறு சில ஊர்களில் 70 சதவீதம்வரை, ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்களுடையவை என்று பதிவு அலுவலர்கள் கணக்குச் சொன்னதைத் தேர்தல் ஆணையமே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திறந்து, ஒப்பிட்டு, மூட வேண்டும். அதுவும் எப்போது? வாக்குச்சாவடிக்கு இடம் பிடித்து, ஆள் பிடித்து, தபால் ஓட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில். லண்டனில் இருக்கும் அமைச்சகத்துக்கு அது சாதனை எண்ணிக்கை. கவுன்சிலுக்கு அது ஓவர்டைம்.

2016 ஜூன் 7 ராத்திரியை நினைத்துப் பாருங்கள். பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பதிய அன்றுதான் கடைசி. நள்ளிரவு நெருங்கும்போது பக்கம் முடங்கியது. அவசரமாகச் சட்டத்தை மாற்றிக் கெடுவை இரண்டு நாள் தள்ளினார்கள். சர்வர் படுத்ததைப் பற்றி ஊரே பேசியது. வாக்கெடுப்பு தேதி நகராமல் கெடு மட்டும் நகர்ந்ததே, அந்த இரண்டு நாளை யாருடைய வேலை நேரத்திலிருந்து எடுத்தார்கள் என்று யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

கொரோனா காலத்தில் இதே கதை உயிர் சம்பந்தப்பட்டதாக ஆனது. வெளியே வரவே கூடாது என்று சொல்லப்பட்ட நோயாளிகள் உணவு உதவி கேட்டுப் பதிய, 2020 மார்ச்சில் சில நாட்களுக்குள் ஒரு பக்கத்தைக் கட்டினார்கள். அந்த வேகத்துக்குக் கை தட்டத்தான் வேண்டும். அப்புறம் பதியாதவர்களை ஒரு தேசிய அழைப்பு மையம் போனில் தேடியது. ஏறத்தாழ 8 லட்சம் பேரைப் பிடிக்க முடியவில்லை. அதில் 3,75,000 பேருக்கு மருத்துவப் பதிவில் போன் எண்ணே இல்லை, இல்லாவிட்டால் தப்பு எண். அந்தப் பெயர்கள் அத்தனையும் கவுன்சில்கள் பக்கம் தள்ளப்பட்டன. வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் அவர்கள்தானே! முதல் நாளே அவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நல்லதும் சொல்ல வேண்டும். கவ்.யூகே நோட்டிஃபை என்று ஒரு சேவை, 2016இல் தொடங்கியது. கவுன்சில் உங்களுக்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்ப வேண்டுமானால் அதன் வழியாக அனுப்பலாம், மின்னஞ்சலுக்குக் காசு கிடையாது. கேட்க அற்பமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரியான ஒரு சின்ன வேலையை மத்திய அரசு தன் தோளில் போட்டுக்கொண்டு, மற்றதில் கை வைக்காமல் விட்டது. கவுன்சில்களும் சும்மா இல்லை. பிரைட்டன், கிராய்டன் கவுன்சில்கள் தொடங்கி வைத்த லோக்கல்கவ் ட்ரூபல் என்ற கூட்டுத் திட்டத்தில் ஒரு கவுன்சில் எழுதிய இணையதள நிரலை இன்னொரு கவுன்சில் எடுத்துக்கொள்கிறது. 2018இல் இரு தரப்பும் சேர்ந்து, உள்ளூர் டிஜிட்டல் சேவைகளை ஒன்றாக மேம்படுத்துவோம் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வெளியிட்டார்கள், பல கவுன்சில்கள் கையெழுத்திட்டன. எனக்கு நோட்டிஃபை மேல் இருக்கும் மரியாதை அந்தப் பத்திரத்தின் மேல் இல்லை.

நேரமாகிவிட்டது, மணி அடிக்கப் போகிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று சந்தேகம் உள்ளவர்கள், இன்று ராத்திரி அந்தப் படிவத்தை மறுபடி நிரப்பாதீர்கள். நாளைக் காலை உங்கள் கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்குப் போன் செய்து கேளுங்கள். இந்தத் தம்பி மட்டும் விதிவிலக்கு, அவருக்கு இதுதான் முதல் தடவை.