பழகின வழி

நேயர்களுக்கு வணக்கம்.

2007 ஆகஸ்ட் 1, மாலை ஆறு மணி கடந்த நேரம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1,40,000 வண்டிகள் போய்க்கொண்டிருந்த பாலம் அது. மறுநாள் காலையில் அத்தனை பேரும் வேலைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. பக்கத்து நெடுஞ்சாலையில் ஓரத்தையும் வண்டித் தடமாக்கி எப்படியோ சமாளித்தார்கள்.

2008 செப்டம்பர் 18 அன்று புதுப் பாலம் திறந்தது. பழையதில் எட்டு வண்டித் தடங்கள், இதில் பத்து.

எங்கள் போக்குவரத்துப் பொறியியல் பாடப்புத்தகப்படி, போன வண்டிகள் எல்லாம் திரும்பியிருக்க வேண்டும். வார்ட்ராப் என்ற ஆங்கிலேயர் 1952-இல் சொன்ன கணக்கு இது: ஒவ்வொரு ஓட்டுநரும் நேரம் குறைந்த வழியையே தேடிப் போவார்; கடைசியில் ஆட்கள் போகிற வழிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரம்தான் ஆகும். ஆனால் புதுப் பாலத்துப் போக்குவரத்து பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இடையில் பழகின வழியிலேயே பலர் நின்றுவிட்டார்கள். அதே நகரத்தில் கார்களில் ஜிபிஎஸ் பொருத்திப் பார்த்தபோது, பெரும்பாலானோர் போன வழி நேரம் மிகக் குறைந்த வழியாக இல்லை.

இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மூன்று நிமிடம் மிச்சமாவது யாருக்குத் தெரியப்போகிறது? ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு இருக்கிறவருக்கு, சில நாள் முப்பது நிமிடமும் சில நாள் அறுபது நிமிடமும் ஆகிற சாலையைவிட, என்றைக்கும் நாற்பத்தைந்து நிமிடம் ஆகிற சாலையே மேல். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவரைக் கேட்டுப் பாருங்கள்: மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையா? தூரத்தைப் பற்றிப் பேசமாட்டார். எந்த சிக்னலில் மாட்டிக்கொள்வோம், மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும், எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார். கடைசிக் காரணத்தை நாங்கள் எந்தச் சூத்திரத்திலும் சேர்ப்பதில்லை!

அதனால்தான், மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட ஒரு சாலையை மறுபடி திறக்கும்போது பழைய வண்டிக் கணக்கை நம்பக் கூடாது என்கிறேன். திறந்து சில மாதம் கழித்து, அந்தச் சாலையிலும் சுற்றுவழித் தெருக்களிலும் புதிதாக எண்ண வேண்டும். சிக்னல் நேரத்தை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

நன்றி, வணக்கம்.