பொறுத்திருந்து நிறைவேற்றுவது கடமை தவறுதல் அன்று

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பூர்வகுடி மக்களின் நிலத் தகராறுகளில் நீதிமன்ற ஆணையைக் காவல்துறை உடனுக்குடன் நிறைவேற்ற வேண்டுமா, பொறுத்திருந்து பேசி நிறைவேற்ற வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. பொறுத்திருப்பதே சரி என்பது எங்கள் அணியின் வாதம். "ஆணை பிறந்த பிறகும் காவலர்கள் கைகட்டி நின்றால் நீதிமன்றம் எதற்கு?" என்று எதிரணித் தலைவர் கலிடோனியாவைக் காட்டிக் கேட்டார். கனடாவில் நாம் வாழும் இதே ஒன்ராறியோ மாகாணத்து ஊர் அது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரித்தானியருக்குத் துணைநின்று போரிட்டுத் தாயகம் இழந்த ஆறு நாட்டு மக்களுக்கு (ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பு), கிராண்ட் ஆற்றின் இரு கரைகளிலும் ஆறு மைல் அகலத்துக்கு நிலம் உண்டென்று 1784இல் ஆளுநர் ஹால்டிமண்ட் பிரகடனம் செய்தார். அதில் இன்று அவர்களிடம் எஞ்சியிருப்பது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த எல்லைக்குள் அடங்கிய கலிடோனியாவின் ஓர் இடத்தில் வீடுகள் எழும்பத் தொடங்கியபோது, 2006 பெப்ரவரி 28 அன்று அவர்கள் உள்ளே போய் அமர்ந்தார்கள். அவர்கள் அங்கே இருக்கக்கூடாதென்று கட்டட நிறுவனம் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது; ஏப்ரல் 20 அன்று விடியுமுன் மாகாணக் காவல்துறை புகுந்து 16 பேரைக் கைது செய்தது. எதிரணி விரும்பும் உடனடி நடவடிக்கை அதுதானே? சில மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்து இடத்தை மீட்டார்கள், காவலர்கள் பின்வாங்கினார்கள், அதுவரை திறந்திருந்த சாலைகள் வாரக்கணக்கில் அடைபட்டன. ஊரின் பெருந்துன்பம் அந்த விடியற்காலைக்குப் பிறகே முற்றியது.

எதிரணி ஒன்றைச் சொல்லாமல் விட்டது. நிலத்தை மாகாண அரசே விலைக்கு வாங்கிய பின்னும், ஆக்கிரமிப்பு முடியும்வரை பேச்சுவார்த்தையை நிறுத்துமாறு கீழ்நீதிமன்ற நீதிபதி உத்தரவிட்டார். 2006 டிசம்பரில் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. ஆணைக்குக் கீழ்ப்படியச் செய்வது மட்டுமே சட்டத்தின் ஆட்சி ஆகாது. சிறுபான்மையினர் உரிமைகளை மதிப்பதும், பேச்சின்வழி இணக்கம் காண்பதும், எப்போது, எப்படிச் செயல்படுவது என்று தானே முடிவெடுக்கும் காவல்துறையின் தற்றுணிபுக்கு இடமளிப்பதும் அதன் கூறுகளே என்று அந்த நீதிமன்றம் விளக்கியது. ஆக, நான் நீதிமன்றத்துக்கு எதிராகப் பேசவில்லை. நீதிமன்றம் சொன்னதையே சொல்கிறேன்.

இடைக்காலத் தடையாணை நிலம் யாருடையது என்று தீர்ப்பதில்லை. வழக்கு முடியும்வரை யாருக்கு அதிக இழப்பு என்பதை எடைபோட்டே அது வழங்கப்படுகிறது. அந்தத் தராசில் நிறுவனத்தின் இழப்பு டொலர் கணக்கில் ஏறுகிறது, மூதாதையரின் புதைநிலத்துக்கு அப்படி ஒரு விலை கிடையாது. பூர்வகுடி மக்கள் பற்றி ஆராயும் யெலோஹெட் ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதற்குடிகள் எனப்படும் பூர்வகுடிச் சமூகங்களுக்கு எதிராக வணிக நிறுவனங்கள் கேட்ட தடையாணைகளில் 76 விழுக்காடு வழங்கப்பட்டன. நிறுவனங்களுக்கு எதிராக முதற்குடிகள் கேட்டவற்றில் 81 விழுக்காடு மறுக்கப்பட்டன. இப்படிப் பிறக்கும் தற்காலிக ஆணையை இறுதித் தீர்ப்பாகக் கருதி, ஆயுதமேந்திய அணியை இரவோடிரவாக அனுப்பலாமா?

அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு விடையை இந்நாடு இரத்தத்தில் எழுதியிருக்கிறது. 1990 ஜூலை 11 அன்று, கியூபெக்கின் ஓக்காவில், கோல்ஃப் மைதான விரிவாக்கத்தை எதிர்த்த மோஹாக் பூர்வகுடி மக்களின் தடுப்பை அகற்ற, நகராட்சி பெற்ற தடையாணையின் பேரில் காவல்துறை கண்ணீர்ப்புகையோடு புகுந்தது. கார்ப்பரல் மார்செல் லெமே என்ற காவலர் சுடப்பட்டு இறந்தார், இராணுவம் வரவழைக்கப்பட்டது, முற்றுகை 78 நாள் நீண்டது. உயிரைக் கொடுத்தவர் ஒரு காவலர் என்பதை, காவல்துறையின் மானத்துக்காகப் பேசும் எதிரணி எண்ணிப் பார்க்க வேண்டும். 1995இல் இதே ஒன்ராறியோவின் இப்பர்வாஷ் பூங்காவில் முன்னோரின் இடுகாட்டுக்காகப் போராடியவர்களை நோக்கி, மறுநாள் காலை தடையாணை மனு விசாரணைக்கு வரவிருக்க, செப்டம்பர் 6ஆம் தேதி இரவிலேயே காவல்துறை அணிவகுத்தது. போராடியவர்களில் ஒருவரான, நிராயுதபாணியான டட்லி ஜார்ஜ் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே ஓர் இரவு பொறுத்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார்! அதை விசாரித்த நீதிபதி லிண்டனின் 2007 அறிக்கை, இத்தகைய போராட்டங்களில் வன்முறையைக் குறைப்பதையும் நடுநிலை காப்பதையும் காவல்துறையின் நோக்கங்களாக வகுத்தது.

கலிடோனியா மக்கள் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. யாரேனும் தாக்கப்பட்டால், தாக்கியவர் எந்தத் தரப்பானாலும் அன்றே கைதாக வேண்டும். அதில் பொறுமைக்கு இடமே இல்லை. ஆனால் கூட்டத்தை நிலத்திலிருந்து அப்புறப்படுத்துவது வேறு, குற்றவாளியைப் பிடிப்பது வேறு. எதிரணி இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. ஊராருக்கும் வணிகர்களுக்கும் 2011இல் 2 கோடி டொலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது மாகாண அரசு. அந்த மக்களின் இழப்புக்குப் பொறுப்புக் கூற வேண்டியது நிலக் கோரிக்கையைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்க்காமல் விட்ட அரசுதான். அந்தக் கடனைக் காவலரின் தடியால் அடைக்கச் சொல்லும் வாதத்தைத் தள்ளிவிடுமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.