தூணுக்குப் பின்னாலும் சுழி, மீனுக்குப் பின்னாலும் சுழி

அடுத்த கேள்வி. போன வீடியோவில் பாலத்தூணுக்குப் பின்னால் வரும் நீர்ச்சுழிகளைப் பற்றிப் பேசியிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்கிறார்: "அந்தச் சுழிகள் இருந்தால் தூண் ஓட்டத்தோடு இழுபடுகிறது என்றீர்கள். மீன் வாலாட்டும்போதும் பின்னால் அதே மாதிரி சுழிகள்தான் வருகின்றன. அது மட்டும் எப்படி முன்னால் போகிறது? வாலைப் பக்கவாட்டில்தானே ஆட்டுகிறது?"

சரியான இடத்தில் பிடித்துவிட்டார். இரண்டிலும் சுழிகள் இரண்டு வரிசையாக, இடம் வலம் மாறி மாறித்தான் வருகின்றன. ஆனால் அவை சுற்றும் திசை தலைகீழ்.

கரும்புச்சாறு மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உருளையும் எதிரெதிராகச் சுற்றி, கரும்பை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் தள்ளும். ரிவர்ஸில் சுற்றினால் கரும்பு வந்த வழியே திரும்பிவிடும். தூணுக்குப் பின்னால் இரண்டு வரிசைக்கு நடுவே உள்ள நீர் தூணை நோக்கி இழுக்கப்படுவதால் மந்தமாகிவிடுகிறது. மீனுக்குப் பின்னால் அந்த நடு நீர் பின்னோக்கிப் பீய்ச்சி அடிக்கிறது. நீர் பின்னால் போனால் மீன் முன்னால் போகிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவுங்கள். கையில் சோப்பு ஒட்டியிருக்கக் கூடாது. இருந்தால் தொட்டவுடனே தூள் சிதறி ஓடிவிடும். அது வேறு கதை. விரலை நேராக ஓட்டிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சுழி விழும், நடுவில் உள்ள தூள் விரலின் பின்னாலேயே வரும். அப்புறம் பழைய எக்ஸ்ரே பிலிமில் ஒரு துண்டு வெட்டி, ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு ஓரம் வால் மாதிரி வளையும்படி நின்ற இடத்திலேயே ஆட்டுங்கள். இப்போது நடுவில் உள்ள தூள் பிலிமை விட்டு விலகி ஓடும்.

சரி, பக்கவாட்டு ஆட்டத்திலிருந்து முன்னோக்கிய விசை எப்படி வருகிறது? மீன் முன்னால் நகர்ந்துகொண்டே வாலை இடப்பக்கம் வீசுகிறது. வாலின் பார்வையில் தண்ணீர் நேரே முன்னாலிருந்து வரவில்லை, சாய்வாக, முன்-இடப்பக்கத்திலிருந்து வருகிறது. விமான இறக்கையைப் போலவே வாலிலும் அந்த ஓட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு விசை பிறக்கும். ஓட்டமே சாய்வு என்பதால் விசையும் சாய்வு: பெரும்பகுதி வலப்பக்கம், கொஞ்சம் முன்பக்கம். வாலை வலப்பக்கம் வீசினால் பக்கவாட்டுப் பகுதி இடமாக மாறும், முன்பக்கப் பகுதி மாறாது. பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, முன்பக்க விசை மட்டும் சேர்ந்துகொண்டே போகும். இதை 1909-இல் நோலர், 1912-இல் பெட்ஸ் என்று இருவர் தனித்தனியாகச் சொன்னார்கள். வால் திரும்பும் ஒவ்வொரு முறையும் விசையின் திசை மாறுகிறதே, அப்போது கழன்று விழுவதுதான் சுழி.

அதனால்தான் "சுழிகள் மீனைத் தள்ளுகின்றன" என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. சுழி என்பது வால் செய்த வேலையின் தடம். இன்னொன்று, சுழிகளின் திசை தலைகீழானவுடனே வேகம் கூடிவிடாது. வாலுக்கே ஒரு இழுவை இருக்கிறது, அதையும் மீற வேண்டும். சோதனைகளில், திசை மாறியும் நிகர உந்துவிசை வராத ஒரு சின்ன இடைவெளி தெரிகிறது.

எவ்வளவு வேகமாக ஆட்ட வேண்டும்? ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் (ஒரு பக்கம் போய்த் திரும்பி வருவது ஒரு ஆட்டம்) என்பதை ஆட்டத்தின் அகலத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்ட்ரூஹால் எண். 20 சென்டிமீட்டர் மீன், வால் 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 5 முறை ஆடி, நொடிக்கு 70 சென்டிமீட்டர் போகிறது என்று வையுங்கள்: 5 பெருக்கல் 4, வகுத்தல் 70, ஏறத்தாழ 0.29. மீன், டால்பின், பறவை என்று பலவற்றுக்கும் இந்த எண் பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையில்தான் விழுகிறது.

கடைசியாக, நேயர் கேட்ட தூணும் மீனும் ஒன்றாகச் சேரும் ஒரு சோதனை. 2006-இல் வெளியான ஆய்வு. ஓடும் நீரில் ஒரு தடுப்பை நிறுத்தி, அதன் பின்னால் செத்த டிரவுட் மீனை நூலில் கட்டி விட்டார்கள். தடுப்பிலிருந்து வந்த சுழிகள் அந்த உடலை வளைத்து வளைத்து ஆட்டின. நூல் தொய்ந்தது, செத்த மீன் ஓட்டத்தை எதிர்த்துத் தடுப்பை நோக்கி நகர்ந்தது.