ரிமோட்டில் 16 வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா?

திருச்சியிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: "வெயிலில் அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஏசியை 16-இல் வைக்கிறேன். 24-இல் வைப்பதைவிடச் சீக்கிரம் குளிரும் அல்லவா?" எத்தனை வீடுகளில் இதையேதான் செய்கிறார்கள்! கேள்வியைப் படித்ததிலிருந்து என் மனம் இதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

சீக்கிரம் குளிராது. பழைய வகை ஏசியில் குளிரை உண்டாக்கும் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். அறை கொதிக்கும்போது 16 என்றாலும் 24 என்றாலும் ஒரே வேகம்தான். இன்வெர்ட்டர் ஏசி கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனாலும் அறை மிகவும் சூடாக இருக்கையில் இரண்டு எண்ணுக்கும் அது முழுமூச்சாகத்தான் ஓடும். 16 வைத்தால், 24-க்கு வந்த பிறகும் விடாமல் ஓடும். மின்கட்டணம் அங்கேதான் ஏறுகிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் ஏசிகள் 24-இல் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் அதனால்தான். சீக்கிரம் குளிர வேண்டுமானால் விசிறி வேகத்தைக் கூட்டுங்கள்.

அன்பர் வேறொன்றைக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்: ரிமோட்டில் தெரியும் அந்த எண் எதைச் சொல்கிறது? தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் பதில் தெரியும். அது நீங்கள் இட்ட உத்தரவு. அறையின் வெப்பநிலை அன்று.

என் பெரியம்மா ஒரு நாள் இரவு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். ரிமோட்டில் 26. ஏசியோ 18-க்குக் குளிரூட்டிக்கொண்டிருந்தது. படுத்தபடியே போர்வைக்குள்ளிருந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார். பெரும்பாலான ரிமோட்டுகள் அகச்சிவப்புக் கதிரால் செய்தியை அனுப்புவதோடு சரி. அது போய்ச் சேர்ந்ததா என்று அவற்றுக்குத் தெரியாது. ஏசியிலிருந்து 'பீப்' என்று ஒலி வந்தால்தான் உத்தரவு போய்ச் சேர்ந்தது என்று பொருள். வராவிட்டால் ஏசியை நோக்கி நீட்டி மறுபடி அழுத்துங்கள். பெரும்பாலானவற்றில் ஒரே அழுத்தலில் திரையிலுள்ள எல்லா அமைப்பும் சேர்ந்தே போகும்.

மறுபடியும் சொல்கிறேன், அது உத்தரவு. ஏசி அளப்பதுகூட உங்கள் கட்டிலருகே உள்ள சூட்டை அன்று. கூரையோரம் தனக்குள் இழுக்கும் காற்றின் சூட்டை. 1953-இல் அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம் கொண்டுவந்த வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டை, அதாவது அறையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியை, எனக்கு மிகவும் பிடிக்கும். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்தது. நீங்கள் கேட்ட வெப்பநிலையும் அறையில் உள்ள வெப்பநிலையும் ஒரே முகத்தில் தெரியும். நம் ரிமோட்டுகளிலும் இந்த இரண்டும் அருகருகே தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதுவரை ஒரு சிறிய வெப்பமானியைத் தலையணை உயரத்தில் வையுங்கள். எந்த அளவில் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று பார்த்து, திருச்சி அன்பரும் மற்றவர்களும் எனக்கு எழுதுங்கள்.