கார்த்திகையில் கத்தரி, பங்குனியில் பூ

(காட்பாடியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

வசந்தகாலத்தில் வீட்டுத் தோட்டத்தில் பூக்கிற பூக்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மணி பத்தரைதான் ஆகிறது. வெளியே காய்கிற காய்ச்சலைப் பார்த்தால் வசந்தம் என்று சொல்லவே வாய் கூசுகிறது. வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, உங்களுக்கும் தெரியும்: சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி விஷயம் 1981லேயே தீர்ந்துவிட்டது, ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆறும் மலையும்தான் இன்னும் கிண்டலுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில்தான் பங்குனி பிறந்ததும் தெருவுக்குத் தெரு மல்லி வாசனை வருகிறது.

வெயில் ஏறுவதால்தான் நம் பூக்கள் பூக்கின்றன. இதை ஒத்துக்கொண்டால் தோட்ட வேலை பாதி சுலபம். மலைப் பிரதேசத்துப் படங்களைப் பார்த்து ஏங்குவது வீண். தை மாதம் நர்சரியில் பெட்டூனியாவும் டாலியாவும் கண்ணைப் பறிக்கும், வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாசி கடைசியில் அவை சுருண்டால் நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சாமந்தியும் அப்படித்தான். இரவு நீளமாக இருந்தால்தான் அது மொட்டு வைக்கும். டிசம்பர் பூவும் சாமந்தியும் ஓய்ந்தால் அந்த இடத்துக்கு மல்லி வரும்.

மல்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஒரு செடியாவது இருக்கும். "எங்க செடி புதராக வளர்ந்திருக்கு, பூ மட்டும் இல்லை" என்று கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு அம்மா சொன்னார்கள். அம்மா, கார்த்திகையில் கத்தரி வைத்தீர்களா? குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சி எவ்வளவு அடர்த்தியாக நின்றாலும் பிரயோஜனமில்லை. அதனால்தான் நவம்பர் கடைசி வாரத்தில், மழை விட்ட ஒரு நாள் பார்த்து, தரையிலிருந்து ஒரு முழம் விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிடச் சொல்கிறார்கள். சாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. வெட்டிய செடியைப் பார்த்தால் வீட்டில் திட்டுவார்கள். திட்டட்டும். தரையில் நிற்கிற செடி என்றால் மக்கிய தொழு உரம் பத்து கிலோ தூரைச் சுற்றிப் போட்டு மண்ணை மூடுங்கள். மாசியில் தளிர் அடிக்கும், பங்குனியில் ஒவ்வொரு நுனியிலும் பெரும்பாலும் மூன்று மொட்டாக நிற்கும். நடு மொட்டு முதலில் திரளும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். மூன்றும் பறித்தாகிவிட்டால் அந்த நுனியை இரண்டு கணு கீழே கிள்ளிவிடுங்கள், மறுபடி கிளைக்கும்.

மொட்டை எப்போது பறிப்பது? விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன். அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டு காலையிலேயே வெள்ளையாகப் பருத்துத் தெரியும், நாளைக்கானது இன்னும் பச்சை கலந்திருக்கும். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. ஒரே புழு பக்கத்து மொட்டுகளையும் நூலால் இழுத்துக் கட்டிவிடும். அதைக் கொத்தோடு பறித்து நசுக்குங்கள், செடியடியில் போட்டுவிட்டு வராதீர்கள். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

அடுத்தது தண்ணீர். உரத்தைவிட இதுதான் நம் ஊர் வில்லன். போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கேட்கவே வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் வேலூர் பேரில்தான் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. நமக்குக் கிடைத்த புகழ் அப்படி! வீட்டில் நாம் செய்கிற ஒரு காரியம் இந்த உப்பை இன்னும் கூட்டுகிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடுகிற தண்ணீரை, வீணாகிறதே என்று மல்லித் தொட்டியில் ஊற்றுகிறோம். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இலை ஓரம் கருகி, நுனி காய்ந்து வந்தால் முதலில் அந்தக் குழாயை மாற்றுங்கள், வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, அதை ஒரு பக்கெட்டில் பிடித்து மல்லிக்கு விடலாம். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளானால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட், லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

உப்புத் தண்ணீர்தான் கதி என்கிறவர்கள் மல்லியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி வையுங்கள், எல்லாம் தாங்கும். மொட்டை மாடியில் இடமிருந்தால் அடினியம் வைக்கலாம். அதற்கு அதிகம் தண்ணீர் விட்டால்தான் ஆபத்து, தூர் அழுகிவிடும். செம்பருத்தியில் எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹோஸ் பைப்பில் வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும். கோடை மழை ஒன்று விழுந்தால் மழை லில்லி தானாகக் கிளம்பும். நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வாசல் மரங்களை மறந்துவிடக் கூடாது. பங்குனியில் புங்கமரம் இலையும் பூவுமாகப் புதுசாகிறது. கீழே விழுந்த பூ பொரி சிதறியதுபோல் கிடக்கிறது. குப்பை என்று மரத்தை வெட்டச் சொல்கிறவர்களும் இந்தக் காலனியில் இருக்கிறார்கள், அவர்கள் மத்தியானம் வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். வேம்பு பூத்ததும் அடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் ராத்திரியில் உதிர்கிற பூ காலையில் கைக்குக் கிடைக்கும். நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். நம் பக்கத்தில் தெலுங்கு பேசுகிற வீடுகள் நிறைய, அவர்கள் உகாதிப் பச்சடிக்கு முதலில் பறிப்பார்கள், அப்புறம் சித்திரை ஒன்றுக்கு நாம் பறிப்போம்.

பூ மலிந்து கிடக்கிற காலமும் இதுதான். மார்கழியில் விலை கேட்டு மலைக்கிற மல்லி இப்போது சல்லிசு. அதற்கேற்ற திருவிழாக்களும் வருகின்றன. சித்ரா பௌர்ணமி இரவில் வேலூரில் புஷ்பப் பல்லக்கு, வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு, அதாவது அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் விழா. வீட்டுச் செடியில் கிடைக்கிற இரண்டு கைப்பிடி மொட்டு அங்கே ஒரு மூலைக்குக் காணாது, ஆனாலும் கட்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் பதியன் கேட்கலாம் என்று நாலைந்து பேர் காத்திருக்கிறீர்கள். இப்போது தரமாட்டேன். அக்னி நட்சத்திரத்தில் நட்ட மல்லி வேர் பிடிக்காது. ஆனி, ஆடியில் மழை இறங்கட்டும், அப்போது வாருங்கள். ராமநாதபுரம் குண்டுமல்லி வேர்விட்ட குச்சியாகவே இருக்கிறது, வரும்போது ஒரு ஈரச் சாக்கு மட்டும் கொண்டு வாருங்கள்.