கடன் வாங்கப்படும் பாடவேளை

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையோருக்கும் என் பணிவான வணக்கம்.

"இளையோரை முழுமையாக வளர்ப்பது ஆழ்ந்த பாடப் பயிற்சியா, பன்முகப் பயிற்சியா?" என்பது இன்றைய தலைப்பு. பன்முகப் பயிற்சியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். மாணவரின் நாளில் இருப்பது அளவான நேரம், அதைப் பலவற்றுக்குப் பங்கு போட்டால் எதிலும் ஆழம் வராது என்பது முதலாவது. பின்புலம் ஏதுமற்ற வீட்டுப் பிள்ளை மேலேறுவதற்கு மதிப்பெண் ஒன்றே ஏணி, அதிலிருந்து அந்தப் பிள்ளையின் கவனத்தைத் திருப்பாதீர்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வாதம் என் நெஞ்சில் தைத்தது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. முதலில் ஆழத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். வடிவொத்த முக்கோணங்கள் பாடம் முடிந்திருந்த ஒரு காலையில், தேற்றத்தை அடிபிசகாமல் எழுதக்கூடிய மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலையும் அளவு நாடாவையும் கொடுத்து, எதிரே நின்ற மரத்தின் உயரத்தை, அதில் ஏறாமல் கண்டுபிடிக்கச் சொன்னேன். வகுப்பிலேயே முதலாவதாக வரும் மாணவன் நாடாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். தேற்றம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்த மைதானத்தில் முக்கோணம் எங்கே இருக்கிறது என்பது அவன் கண்ணில் படவில்லை. கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவிதான் கோலைத் தரையில் ஊன்றி, அதன் நிழலை அளந்தாள். 80 சென்டிமீட்டர். மரத்தின் நிழல் 6 மீட்டர் 40 சென்டிமீட்டர், அதாவது கோல் நிழலைப் போல் எட்டு மடங்கு. "அப்படியென்றால் மரம் 8 மீட்டர்" என்றாள்.

அதன் பிறகுதான் நான் எதிர்பாராதது நடந்தது. அதுவரை பேசாமல் நின்ற அந்த மாணவன், "மர நிழலின் நுனி மங்கலாக இருக்கிறதே, எந்த இடத்தை நுனி என்று எடுத்துக்கொண்டாய்?" என்று கேட்டான். ஐந்து பேர் தனித்தனியே அளந்தார்கள். ஐந்து அளவுகளும் வேறு வேறாக இருந்தன. கோல் செங்குத்தாக நின்றதா, தரை சரிந்திருக்கிறதா, இரண்டு நிழல்களையும் ஒரே நேரத்தில் அளந்தோமா, இடையில் சூரியன் நகர்ந்திருக்குமா என்றெல்லாம் அவர்களாகவே வாதிட்டார்கள். அளவீட்டில் பிழை இருக்கும், அந்தப் பிழைக்குக் காரணமும் உண்டு, பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது குறையக்கூடும் என்பதை எந்தக் கரும்பலகையும் சொல்லித் தராமல் அவர்கள் கண்டுகொண்டார்கள். எதிரணியினரே, நீங்கள் கேட்கும் ஆழம் இதுதான். கையும் காலும் கண்ணும், கூட நின்ற தோழர்களும் சேர்ந்தபோதுதான் அது வந்தது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தேவைப்பட்டதாலும் வந்தது.

நினைவில் நிற்பதும் இப்படித்தான். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உரைப்பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து மீட்டு எழுதிப் பழகியவர்களே முந்தி நின்றார்கள். இதைத் தேர்வுக்கு எதிரான சான்றாக நான் காட்டவில்லை. அப்படிக் காட்டுவது நேர்மையாகாது. உள்ளே போனதை வெளியே எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் அறிவு தங்குகிறது என்றே சொல்கிறேன். மேடையில் பேசும் பிள்ளையும், தான் செய்து பார்த்ததைத் தோழிக்கு விளக்கும் பிள்ளையும் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி, ஏணிக்கு வருகிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இசையைப் பள்ளி கற்றுத்தராவிட்டாலும் வீடு கற்றுத்தரும். நீச்சலும் பயணமும், வீடு நிறையப் புத்தகங்களும், பெரியவர்கள் முன் தயங்காமல் பேசும் பழக்கமும் அந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே வாய்த்துவிடும். இவற்றைப் பள்ளி கைவிட்டால் இழப்பவர் யார்? பள்ளியைத் தவிர வேறு வாசல் இல்லாத பிள்ளை மட்டுமே. மதிப்பெண் ஏணியில் ஏறி மேலே போன பிறகு, நேர்முகத் தேர்வில் வாய் திறக்கவும், குழுவில் மாற்றுக் கருத்தைச் சொல்லவும், தோற்ற மறுநாள் எழுந்து வரவும் தெரியாமல் அந்தப் பிள்ளை நிற்கும்போது, அதை அவனுடைய குறை என்று எழுதிவிடுகிறோம். நாம் கொடுக்காமல் விட்டதுதான் அது.

1907 ஜனவரியில், ரோம் நகரில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், மருத்துவரான மரியா மாண்டிசோரி 'குழந்தைகள் இல்லம்' என்ற தம் முதல் பள்ளியைத் திறந்தார். அந்த ஏழைப் பிள்ளைகளை அவர் எழுத்துப் பலகையின் முன் உட்கார வைத்து அதட்டவில்லை. பொத்தான் மாட்டவும், தண்ணீர் ஊற்றவும், இடத்தைத் துப்புரவாக வைக்கவும் கைகளைப் பழக்கினார். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். நான்கைந்து வயதிலேயே அவர்களில் பலர் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள். கை பழகிய பின் எழுத்து வந்தது. எழுத்துக்காகக் கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காலையில் சதுரங்கம், மாலையில் நடனம், விடுமுறையில் ஓவியம் என்று ஒரு பிள்ளையை வகுப்பு வகுப்பாக இழுத்துச் சென்று சான்றிதழ்களைச் சேர்ப்பதை நான் பன்முகக் கல்வி என்று கருதவில்லை. அது நுனிப்புல் மேய்தல். பெருக்கல் வாய்பாடு தெரியாமல் மைதானத்தில் நிழலை அளந்தும் பயனில்லை. பாடநூலைக் கீழே வைக்கச் சொல்ல நான் வரவில்லை.

தேர்வு நெருங்கும்போது முதலில் காணாமல் போவது எந்தப் பாடவேளை என்று இந்த அவைக்கே தெரியும். "இந்த ஒரு பீரியடை மட்டும் எனக்குக் கொடுங்கள்" என்று விளையாட்டு ஆசிரியரிடம் கடன் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கடனை ஒருமுறைகூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது ஓட்டம், விளையாட்டு போன்ற உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, தன் 29-ஆம் பிரிவில் குழந்தையின் ஆளுமை, திறமை, மன ஆற்றல், உடல் ஆற்றல் ஆகியவற்றை முழு அளவுக்கு வளர்ப்பதைக் கல்வியின் நோக்கமாக வைக்கிறது. 31-ஆம் பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் கலையையும் உரிமையாகவே எழுதியிருக்கிறது. உரிமையைக் கடன் கேட்க நமக்கு அதிகாரம் ஏது?

நேரம் போதாது என்ற வாதத்துக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அந்த மைதான வகுப்புக்கு முழுதாக ஒரு பாடவேளை செலவானது. பாடத்திட்டம் பின்தங்கிவிடுமோ என்று நானே அஞ்சினேன். சில வாரங்கள் கழித்து முக்கோணவியலில் ஏற்றக் கோணம், அதாவது உயரத்தில் இருப்பதை நிமிர்ந்து பார்க்கும் கோணம், தொடங்கியது. கணக்கை வாசித்துவிட்டு நான் திரும்பியபோது, வழக்கமாகப் படம் வரையத் தயங்கும் பிள்ளைகள்கூட வரைந்து முடித்திருந்தார்கள். பாதிப் பேரின் ஏட்டில் இருந்தது அந்த மரம்தான். அதன் நிழலின் நுனியை ஒருவன் புள்ளிகளால் மங்கலாகக் காட்டியிருந்தான். இரண்டு பாடவேளைகள் கேட்கும் பகுதி அன்று ஒன்றிலேயே முடிந்தது. அந்த ஏடுகளைக் கருத்தில் கொண்டு எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.